ஈரச் சுவரும் இரண்டு தடைக்காலங்களும்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பன்னிரண்டாம் நாள் இரவு, கீழ்ப்படுக்கையில் கிடந்த பையன் வந்து என் தோளை உசுப்பினான். “அண்ணே, எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது. மெத்தை நனைந்துவிட்டது” என்றான். கரை கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஒழுக்கு என்ற சொல் காதில் விழுந்தால் எவருக்கும் தூக்கம் கலைந்துவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். அடித்தளத்தில் வழக்கமாகத் தேங்கும் தண்ணீர்தான் இருந்தது, ஒரு விரல்கூட ஏறவில்லை. மேலே வந்து அவன் படுக்கையை இழுத்துப் பார்த்தால், பின்சுவர் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். கோடை மதியத்தில் வேலை செய்பவனின் முதுகைப் போல அந்தச் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. அண்ணனும் நானும் அன்றிரவு முழுவதும் கடல்நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். காலையில்தான் எனக்கு உறைத்தது: படகில் உப்புப் படியாத சுவர் ஏது? நல்ல தண்ணீரில் துணியை நனைத்துச் சுவரை மூன்று முறை துடைத்தேன். பிறகு ஒரு முழம் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் வைத்து அந்தச் சுவரில் ஒட்டினேன். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தது, தாளுக்கு அடியில் சுவர் அப்படியே காய்ந்திருந்தது. வெளிப்பக்கத் துளியை நாக்கில் வைத்தால் மழைத்தண்ணீர் போல இருந்தது. சுவர் வழியாக எதுவும் வரவில்லை. கேபினின் காற்றில் இருந்த ஈரம்தான் சுவரில் வந்து உட்கார்ந்தது. ஒழுக்கா வேர்வையா என்று சந்தேகம் வருகிறவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை, இரண்டு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

எங்கள் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் கரையில் உள்ள ஊர்களின் ஆழ்கடல் படகுகளை அறிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆயிரங்கால் தூண்டில், அதாவது வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் நீளக் கயிறு, போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்கிற படகு. ஒருமுறை போனால் முப்பது, நாற்பது நாள் கடலிலேயே வாழ்க்கை. 11 பேர். சமையல், தூக்கம், நோய், செபம் எல்லாம் அந்தக் கேபினுக்குள்தான். நடுவில் மீன் அறைகள், அதற்குள் டன் கணக்கில் உடைத்த ஐஸ். அதற்குப் பின்னால் கேபின், கேபினுக்கு அடியில் எஞ்சின் அறை. தலை இடிக்காமல் இருக்கவேண்டும் என்று படுக்கை இருக்கும் பகுதியின் தரையைக் கட்டும்போதே இரண்டு அடி இறக்கிவிட்டோம். அதனால் கீழ்ப்படுக்கைகள் மீன் அறையின் பின்சுவரை ஒட்டி அமைந்துவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் 1 அல்லது 2 டிகிரி, இந்தப் பக்கம் 30 டிகிரி. நடுவில் இருந்த பழைய தெர்மோகோலும் பலகையும் அந்த வித்தியாசத்தைத் தாங்கவில்லை.

அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்கள் செய்த வேலை தவறானது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவற்றைப் பல படகுகளில் பார்த்திருக்கிறேன்.

சுவர் குளிர்கிறது, அதை மூடினால் தீர்ந்தது என்று நினைத்தோம். பழைய சுவரின் மேல் மரச்சட்டம் அடித்து, சட்டங்களுக்கு நடுவே தெர்மோகோல் பலகைகளைச் செருகி, அதன்மேல் பிளைவுட் வைத்துத் திருகாணி போட்டு, பெயிண்ட் அடித்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஆகஸ்டில் போன முதல் பயணத்தில் சுவர் காய்ந்தே இருந்தது. இரண்டாவது பயணத்தில் ஒரு மணம் வரத் தொடங்கியது, நனைந்த சாக்கைக் கட்டி வைத்தால் வருகிற மணம். கிறிஸ்துமஸ் முடிந்து போன பயணத்தில் பிளைவுட் வயிறு தள்ளியது. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் தாள் கண்ணாடிக்குள் உப்பிக் கறுத்துப்போனது. இரண்டு பேருக்கு இருமல் விடவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக வயர்லெஸ் கருவி. அதே சுவரில் ஒரு பலகை அடித்து வயர்லெஸையும் ஜிபிஎஸ்ஸையும் அதில் வைத்திருந்தோம். பிப்ரவரியில் ஒரு நாள் வயர்லெஸ் கரகரவென்று இரைந்துவிட்டு அடங்கிவிட்டது. பின்பக்கம் கழற்றினால் ஆன்டெனா வயர் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடல்நீர் ஒரு சொட்டும் அங்கே தெறித்ததில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, கரையில் இருந்து செய்தி எட்டாமல் ஆழ்கடலில் மாட்டிக்கொண்டு திரும்பாமல் போனவர்கள் எங்கள் கரையில் ஊர்தோறும் உண்டு. அந்த நாட்களைக் கண்ட எவனும் வயர்லெஸ் ஊமையாவதைச் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டான். அந்தக் களிம்பைப் பார்த்த அன்றுதான், இந்த ஈரத்தை முறையாகப் புரிந்துகொண்டே தீர்வது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த பயணத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் இரண்டு பொருள்கள் வாங்கினேன். காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சிறிய டிஜிட்டல் மானி ஒன்று. கொரோனா காலத்தில் எல்லாக் கடை வாசலிலும் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வகையில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கக்கூடிய வெப்பமானி இன்னொன்று. ஒரு நோட்டில் இரவும் பகலும் எழுதி வைத்தேன்.

காற்று தனக்குள் ஓர் அளவுக்குத்தான் நீராவியை வைத்துக்கொள்ளும். சூடான காற்று அதிகம் வைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் குறைவாக. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் அதற்குமேல் தாங்காமல் நீரை விட்டுவிடும். அதுதான் பனிநிலை. எந்தப் பொருளின் மேற்பரப்பு அந்தப் பனிநிலைக்குக் கீழே இருக்கிறதோ அது வேர்க்கும். கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு: 100இல் இருந்து ஈரப்பதத்தின் சதவீதத்தைக் கழித்து, மிச்சத்தை 5ஆல் வகுத்து, வருவதைக் காற்றின் வெப்பநிலையில் இருந்து கழியுங்கள். ஈரப்பதம் பாதிக்கு மேல் இருக்கும்போது இது ஏறக்குறையச் சரியாகவே வரும், எங்கள் கடலில் அது பாதிக்குக் கீழே போவதே இல்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நள்ளிரவுக் குறிப்பு இது. கேபினுக்குள் 31 டிகிரி, ஈரப்பதம் 85. பனிநிலை 28. புதிய பிளைவுட்டின் மேற்பரப்பு ஒரு மூலையில் 26, பழைய சுவர் வெளியே தெரிந்த இடுக்கில் 23. சரி, உள்ளே இத்தனை பேர் மூச்சு விடுகிறோம், கதவையும் சன்னலையும் திறந்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்று மேல்தளத்தில் போய் அளந்தேன். 28 டிகிரி, ஈரப்பதம் 85. பனிநிலை 25.

இந்த எண்கள்தான் என் கண்ணைத் திறந்தன. குளிர்நாடுகளில் பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள் சொல்லும் வைத்தியம், காற்றோட்டம் வை, உள்ளே சூடாக்கு என்பது. அவர்கள் ஊரில் அது சரி. வெளியே 5 டிகிரி குளிர்க்காற்று. அதில் நீராவியே சொற்பம். அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் கேபின் உலர்ந்துவிடும். நமக்கோ வெளிக்காற்றே பனிநிலை 25 டிகிரியோடு வருகிறது. எத்தனை சன்னல் திறந்தாலும் 23 டிகிரிச் சுவர் வேர்க்கத்தான் செய்யும். உள்ளே வருகிற ஒவ்வொரு மூச்சுக்காற்றும் அந்தச் சுவருக்குத் தண்ணீர் சுமந்து வருகிறது. சுவரைச் சூடாக்கலாமா என்றால், சுவருக்குப் பின்னால் இருப்பது எங்கள் பிழைப்பு. ஐஸ் உருகினால் மீன் கெடும். அவர்களுக்குக் குளிர் வானத்தில் இருந்து வருகிறது, நாங்கள் குளிரைக் காசு கொடுத்து வாங்கி வயிற்றுக்குள் சுமந்து போகிறோம். ஆகவே முதல் வேலை சுவர்தான், காற்றோட்டம் அதற்குப் பிறகு.

ஜூன் 1இல் மேற்குக் கரைத் தடைக்காலம் தொடங்கியது. ஜூலை 31 வரை 61 நாள். படகைத் துறைமுகத்தின் உள்பக்கம் கட்டிவிட்டு, வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர். அயினி மரப்பலகையில் கைவைத்தே ஈரம் சொல்லக்கூடியவர். போன வருடம் போட்ட பிளைவுட்டைக் கழற்றியபோது அவர் முகம் வாடிவிட்டது. பின்பக்கம் முழுவதும் கறுப்புப் பூசணம். தெர்மோகோல் பலகையை உருவினால் கைக்குப் பாரம் தெரிந்தது. உடைத்தேன், வெள்ளை முத்துகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது.

“மக்களே, நீ சுவருக்குச் சட்டை போட்டாய். பொத்தானைப் போடவில்லை” என்றார் ஆசாரி.

அதுதான் உண்மை. தெர்மோகோல் பலகைகளுக்கு இடையில் இடுக்கு, சட்டத்தோடு சேரும் இடத்தில் இடுக்கு, திருகாணி போன துளை, வயர் போன துளை. கேபினின் ஈரக்காற்று அந்த வழியாகப் பின்னால் புகுந்து பழைய குளிர்ச்சுவரைத் தொட்டு நீராகியிருக்கிறது. முன்பாவது சுவரில் வடிந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, துடைத்தோம். இப்போது கண்ணில் படாத இடத்தில் வடிந்து தெர்மோகோலை நனைத்தது. நனைந்த தெர்மோகோல் குளிரைத் தடுக்காது, அதனால் இன்னும் வேர்த்தது. இப்படிப்பட்ட சுவரில் நீராவி சூடான பக்கத்தில் இருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும். அதை மறிக்கும் தடுப்பு சூடான பக்கத்தில், அதாவது கேபின் பக்கத்தில், ஓர் ஊசித்துளையும் இல்லாமல் இருக்கவேண்டும். வெப்பம் தடுக்கும் பொருளைவிட இந்தத் தடுப்பு முக்கியம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு வருடமும் இரண்டு பேரின் நெஞ்சுச் சளியும் கொடுத்துக் கற்றோம்.

பூசணத்தைக் காய்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள். தூள் பறந்து மூச்சில் ஏறும். முகக்கவசம் போட்டு, கதவைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். அழுகிய பலகைகளை முழுவதும் வெட்டி எறிந்தோம். பிறகு தொடங்கியது இந்த வேலையிலேயே கடினமான பகுதி, காயவைப்பது. ஜூன் மாதம் எங்கள் கரையில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. கேபினுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, கரையில் இருந்து கரண்டு இழுத்து, இரண்டு மின்விசிறிகளும் இரண்டு பெரிய குண்டு பல்புகளும் இரவும் பகலும் வைத்தோம். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. ஒரு வாரத்திலேயே ஃபைபர், அதாவது ரெசின் பசையில் நனைத்த கண்ணாடியிழை, போட்டுவிடலாம் என்றான். ஈரப்பலகையில் போட்ட ஃபைபர் ஆறு மாதத்தில் அப்பளம் போல உரிந்து வரும் என்று ஆசாரி மறுத்துவிட்டார். பாலிதீன் தாளை மறுபடியும் ஒட்டினேன். இந்த முறை தாளுக்கு அடியில் ஆவி படிகிறதா என்று பார்க்க. 19ஆம் நாள்தான் தாள் தெளிவாக இருந்தது.

அந்த நாட்களில் மீன் அறைக்குள் இறங்கி அந்தப் பக்கத்தையும் சோதித்தோம். நல்லவேளை செய்தோம். உள்பூச்சில், பலகை நிறுத்தும் கம்பத்தின் அடியில், மயிரிழை போல மூன்று விரிசல்கள். ஐஸ் உருகிய தண்ணீர் அந்த வழியாகவும் பழைய தெர்மோகோலுக்குள் இறங்கியிருக்கிறது. விரிசலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு கிரைண்டர் வைத்து உரசி, புது மேட், அதாவது கண்ணாடியிழை விரிப்பு, போட்டு அடைத்தோம்.

புதிய சுவருக்குத் தெர்மோகோலைக் கைவிட்டு பஃப் பலகை வாங்கினேன். மஞ்சள் நிறத்தில் இருக்கும் பாலியூரித்தேன் நுரைப்பலகை, ஐஸ் பெட்டிகளில் போடுவது. அதே கனத்துக்குத் தெர்மோகோலைவிட நன்றாக வெப்பம் தடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் ஃபைபர் வேலைக்குப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மோகோலைச் சர்க்கரைபோலக் கரைத்துவிடும். ஒரு துண்டுத் தெர்மோகோலில் ரெசின் ஊற்றிப் பார்த்தால் கண்முன்னே குழியாகிப்போகும். பஃப் கரையாது. ஆகவே அதன் மேலேயே நேராக ஃபைபர் போடலாம். ஆனால் பஃப் நெருப்புப் பிடித்தால் நச்சுப்புகை விடும். அதைத் திறந்த நிலையில் விடவே கூடாது, அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவரில் வைக்கவும் கூடாது. எங்கள் அடுப்பு எதிர்மூலையில் இருப்பதால் துணிந்தோம்.

2 அங்குலப் பலகை ஒன்றுக்குப் பதில் 1 அங்குலப் பலகைகளை இரண்டு அடுக்காக ஒட்டினோம். முதல் அடுக்கின் இணைப்புகள்மேல் இரண்டாம் அடுக்கின் நடுப்பகுதி வரும்படி, செங்கல் அடுக்குவதுபோல. இடுக்குகளில் எல்லாம் நுரை அடித்து, காய்ந்ததும் பிளேடால் சீவினோம். சட்டம் எதுவும் அடிக்கவில்லை. மரச்சட்டம் பஃப்பைவிடப் பல மடங்கு குளிரைக் கடத்தும், போன வருடச் சுவரில் சட்டம் இருந்த இடமெல்லாம் வரிவரியாக வேர்த்ததைப் பார்த்திருந்தோம்.

அதன்மேல் 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு ரெசினில் போட்டு, மேல்தளத்தின் அடிப்பக்கத்திலும் தரையிலும் பக்கச்சுவர்களிலும் நான்கு அங்குலம் ஏற்றி மடித்தோம். முழுச் சுவரும் ஒரே தொட்டிபோல ஆகவேண்டும் என்பதே நோக்கம். மழை விட்ட இரண்டு நாள்களில் காலை பத்து மணிக்கு மேல் மட்டும் வேலை. ஈரக்காற்றில் ரெசின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஃபைபர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

போல்ட்டுகளைப் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. படுக்கைச் சட்டத்தைத் தாங்க ஆறு இரும்பு போல்ட்டுகள் அந்தச் சுவரை ஊடுருவி மீன் அறைவரை போயிருந்தன. அளந்தால் அவற்றின் தலை 17 டிகிரி. பையனின் மெத்தையை நனைத்ததில் பெரும்பங்கு அந்த ஆறு தலைகளில் இருந்து வந்த சொட்டுதான் என்று இப்போது நம்புகிறேன். ஆறையும் அறுத்து எடுத்து ஓட்டைகளை இருபக்கமும் அடைத்தோம். படுக்கைகள் இப்போது தரையில் ஊன்றிய கால்களில் நிற்கின்றன, குளிர்ச்சுவரில் ஓர் ஆணியும் இல்லை. மீன் அறையின் உருகிய தண்ணீரை உறிஞ்சும் குழாய் படுக்கைக்கு அடியில் போகிறது, அதற்கு ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை உறையைப் போட்டு இணைப்புகளை டேப் வைத்துச் சுற்றினேன். நாகர்கோவிலில் ஏசி சாமான் விற்கும் கடையில் கிடைக்கிறது. அந்த நுரைக்குள் காற்றோ நீராவியோ எளிதில் புகாது. சாக்கோ துணியோ சுற்றினால் அது நனைந்து குழாயோடு சேர்ந்து குளிரும், பயனில்லை.

சுவர் முடிந்தபின் படுக்கை. மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், மெத்தையே ஒரு கம்பளிபோல நின்று கேபினின் சூடு சுவரை எட்டாமல் தடுக்கும். சுவர் அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்து வேர்க்கும். துணிப்பை, போர்வை, கட்டி வைத்த பாய் எதுவானாலும் இதே கதை. அதனால் படுக்கைகளைச் சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தி, நடுவே எதையும் செருகமுடியாதபடி ஒரு கம்பி ஓட்டினோம். அடியில் முழுப்பலகையை எடுத்துவிட்டு, விரற்கடை இடைவெளியில் அயினிச் சட்டங்கள். அவற்றின் மேல் தென்னைநார்ப் பாய், அதன்மேல் மெத்தை. நாரின் ஊடே காற்று ஓடும்.

உப்பைப் பற்றி ஆசாரி சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிய காற்றில் தானாகவே நீர் வாங்கிக் கசியும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்க்காத வீடு உண்டா? கடல்நீரில் அலசிய போர்வை எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் இரவில் மறுபடி நமுத்துப்போவதற்கு அதுவே காரணம். இப்போது மெத்தை உறைகளும் கேபின் சுவர்களும் நல்ல தண்ணீரில்தான் துடைக்கப்படும், பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு குடம் தண்ணீர். குடிதண்ணீரைச் சுவருக்குக் கொடுப்பதா என்று முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் காய்ந்த போர்வையில் தூங்கிய பிறகு முணுமுணுப்பு நின்றது.

அடுப்பு. காஸ் எரியும்போது அதில் உள்ள ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதோடு சோறு கொதிக்கும் ஆவி, மரச்சீனிக் கிழங்கு அவிக்கும் ஆவி. தூங்குகிற ஆள் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 40 கிராம் அளவில் ஈரம் விடுகிறார். ஏழு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் இரண்டு லிட்டருக்கு மேல். இவ்வளவும் கேபினிலேயே தங்கினால் எந்தச் சுவரும் தாங்காது. உள்ளே 28, வெளியே 25 என்று பனிநிலையில் பார்த்தோமே, அந்த 3 டிகிரியைப் பிடுங்குவதுதான் காற்றோட்டத்தின் வேலை.

ஆழ்கடலில் திறந்த துளை வைத்தால் அலை தெறித்து உள்ளே வரும். இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. அமெரிக்காவில் 1930இல் கட்டப்பட்ட டொராடே என்ற பாய்மரப் படகின் பெயரால் அழைக்கப்படும் பெட்டி. ஓலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்த படகு அது. 1931இல் அட்லாண்டிக் கடக்கும் பந்தயத்தில் வென்றது. பெட்டியின் ஒரு முனையில் காற்று வாங்கும் வாய். மறுமுனையில் கேபினுக்குள் இறங்கும் குழாய், அதன் விளிம்பு பெட்டியின் தரையைவிட உயரமாக. தண்ணீர் உள்ளே வந்தாலும் பெட்டித் தரையில் விழுந்து ஓரத்துத் துளைகள் வழியாக வெளியே ஓடிவிடும். காற்று மட்டும் குழாயின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். மிச்சமிருந்த ஃபைபரில் ஒன்றரை அடி நீளத்துக்கு இரண்டு பெட்டிகள் வார்த்து, 4 அங்குல பிவிசி குழாய் வைத்தேன். ஒன்று முன்னோக்கி, காற்று உள்ளே வர. மற்றது அடுப்புக்கு நேர் மேலே பின்னோக்கி, ஆவி வெளியே போக, உள்ளே ஒரு சிறிய 12 வோல்ட் விசிறியுடன். பெரும்புயல் வந்தால் திருகி மூட இரண்டு மூடிகளும் உண்டு. வடிதுளைகளைப் பெரிதாக வையுங்கள். முதலில் நான் வைத்த பென்சில் அளவுத் துளை உப்புப் பிடித்து அடைந்துவிட்டது, இப்போது பெருவிரல் போகும் அளவு.

வயர்லெஸையும் ஜிபிஎஸ்ஸையும் எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். எஞ்சின் அறைச் சூடு ஏறிவருகிற சுவர் அது, எப்போதும் 31 டிகிரிக்குக் குறையாது. எல்லா வயர்களும் கருவிக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டினேன், வயர்வழி வடியும் சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். இணைப்புகளின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன்.

ஆகஸ்டில் புறப்பட்டோம். பத்தாம் நாள் நள்ளிரவு நோட்டில் எழுதியது: கேபின் 30, ஈரப்பதம் 82, பனிநிலை 26.4, சுவர் 28.5. கையை விரித்துச் சுவரில் வைத்தேன். காய்ந்திருந்தது. அந்தப் பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஐஸ் கணக்கை அண்ணன்தான் கவனித்தான். வழக்கத்தைவிட ஐஸ் மிச்சமாகிறதே என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 அடிக்கு 5 அடிச் சுவர். நனைந்த தெர்மோகோலோடு இருந்தபோது அது வழியாக நுழைந்த வெப்பம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோ ஐஸை உருக்கக்கூடியது. இப்போது 17 கிலோ அளவு. அதாவது தினமும் ஓர் ஐஸ் பாருக்கு, ஐஸ் ஆலையில் வார்க்கும் ஒரு பெரிய கட்டிக்கு, சற்றுக் குறைவான மிச்சம். 35 நாள் பயணத்துக்கு ஒன்றரை டன். சுவரில் வேர்த்த ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் தான் விட்ட வெப்பத்தால் 7 கிலோ ஐஸை உருக்கப் போதுமானது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மொத்த வேலைக்கும் ஆசாரியின் கூலியும் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. ஆட்களின் உடம்புக்காகத் தொடங்கிய செலவு, ஐஸிலும் திரும்ப வருகிறது.

முழுவதும் முடிந்துவிடவில்லை. மீன் அறையின் மூடி கேபின் வாசலுக்கு அருகில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மீன் இறக்கத் திறக்கும்போதும் குளிர்காற்று வழிந்து வாசற்படியின் இடதுமூலையை நனைக்கிறது. மூடியின் ரப்பர் விளிம்பும் தேய்ந்திருக்கிறது. ரப்பரை இந்தப் பயணம் முடிந்ததும் மாற்றிவிடுவேன். மூலைக்குப் பஃப் வைக்க வாசற்சட்டத்தைப் பிரிக்கவேண்டும், அதற்குக் கேபின் மூன்று வாரம் காயவேண்டும். அடுத்த ஜூன் முதல் வாரத்துக்கு ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை அந்த மூலையில் ஒரு துணி கிடக்கிறது. காலையும் மாலையும் யாராவது ஒருவர் அதைப் பிழிந்து போடுகிறார்.